கை நிற்கும் வரை

சுங்காய் டோல்கேட்டைத் தாண்டி, டவுனுக்குள் போகாமல் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் திரும்பியதும் பாடகர் குழுவின் வேனுக்குள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுச் சத்தம் தானாக அடங்கியது. ஈப்போவில் ஏறியதிலிருந்து பின் இருக்கைக்காரர்கள் பழைய சினிமாப் பாட்டாகப் பாடித் தள்ளியிருந்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், அவற்றின் கீழே ஒரே மாதிரி இருட்டு. வெளியே மத்தியான வெயில் காய்ந்துகொண்டிருந்தும் டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டார்.

ஈல்சன் தோட்டத்தில் இப்போது யாரும் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்திலேயே தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். சனங்கள் சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர் என்று பிரிந்து போனார்கள். மாதா கோயில் மட்டும் மிச்சம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அதற்குப் புது வெள்ளையடித்து, கூரைத் தகரம் மாற்றி, அந்தச் சனிக்கிழமை திறப்பு விழா வைத்திருந்தார்கள். காலையில் பூசை. மாலையில் பக்திப் பாடல் கச்சேரி. அதற்குத்தான் புஷ்பலதாவின் பாடகர் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

புஷ்பலதா ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியவள். குழுவில் எல்லாக் கிறிஸ்தவச் சபைக்காரர்களும் இருந்தார்கள். பாட்டுக்காக மட்டும் வரும் இந்துக்களும் இருந்தார்கள். கீபோர்டு வாசிக்கும் யுகேந்திரன் அப்படிப்பட்டவன். ஏர்கோன் ரிப்பேர் செய்யும் தர்மாவும், பாலர் பள்ளியில் வேலை செய்யும் அவன் மனைவி குமுதாவும் அப்படித்தான். தர்மாவுக்கு அடிக்குரல், குமுதாவுக்கு உச்சக் குரல். பாடி முடித்து வீட்டுக்குப் போகும்போது அவளுடைய கைப்பையையும் அவன்தான் தூக்கிக்கொண்டு நடப்பான். மற்ற ஆண்கள் கிண்டல் செய்தால் சிரிப்பானே தவிரக் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

கோயிலுக்குள் பெயிண்ட் வாடை. பலிபீடத்துக்கு இடது பக்கம் ஒரு மரமேடை. பாடகர்கள் நிற்கும் இடம். அதன் மேல் புதிதாகப் பலகை அடித்திருந்தார்கள்.

மேடையில் ஏறியதும் குமுதா மூக்கைச் சுளித்தாள்.

"டீச்சர், ரப்பர் ஷீட்டு புகை போடற வாட வரல?"

புஷ்பலதா மோந்து பார்த்தாள். வந்தது. புளித்த பாலும் விறகுப் புகையும் கலந்த வாடை. சிறு வயதில் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது மறக்காது.

"இங்கதான் ரப்பரே இல்லியேலா," என்றான் யுகேந்திரன், கீபோர்டை மாட்டிக்கொண்டே. "பழைய பலகையில ஊறிப் போயிருக்கும்."

ஒத்திகை தொடங்கியது. முதல் பாட்டு மாதாவைப் புகழும் பழைய தமிழ்ப் பாட்டு. நான்கு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. இவ்வளவு நன்றாக அவர்கள் பாடி அவள் கேட்டதே இல்லை. கடைசி வரி முடிந்ததும் கையை மூடினாள். பாட்டு நிற்க வேண்டிய இடம் அது.

நிற்கவில்லை.

எல்லாரும் மறுபடி முதல் வரியைப் பிடித்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கொஞ்சம் கீழே, அவள் வலது பக்கம் இருந்தது. அவளும் அங்கே பார்த்தாள்.

இடது கைதான் மூடியிருந்தது. வலது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அதை இடது கையால் பிடித்துக் கீழே இறக்கினாள். பாட்டு சட்டென்று அறுந்தது.

"என்னா டீச்சர், முடிஞ்ச பாட்ட திரும்ப எடுக்கிறீங்க?" என்று யுகேந்திரன் சிரித்தான். "உங்க கை நிக்காம நாங்க எப்படி நிக்கிறது?"

சிலர் சிரித்தார்கள். குமுதா சிரிக்கவில்லை. பின்னந்தலையைத் தடவிக்கொண்டே திரும்பினாள்.

"யாரு என் முடிய இழுத்தது?"

அவள் பின்னால் தர்மா நின்றுகொண்டிருந்தான். அவன் கையை விரித்துப் பார்த்தான். விரல்களுக்கிடையில் நீளமான முடிகள் சிக்கியிருந்தன. வேரோடு.

"நான் இல்ல, குமு," என்றான். "சத்தியமா, எனக்குத் தெரியல."

புஷ்பலதா எல்லாரையும் தேநீர் குடிக்கப் போகச் சொன்னாள்.

பக்கவாட்டு வாசலில் ஒரு வயதான பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார். சிலிம் ரிவரிலிருந்து விழாவுக்காக வந்தவர், மங்களம் என்று பெயர் சொன்னார். பழைய ஈல்சன் தோட்டத்துக்காரர். இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டியிருந்தார்.

"வெளிய இருந்துதான் கேட்டேன்," என்றார். "முடிஞ்ச பாட்டு திரும்பத் தொடங்குச்சே, அது நீங்க எடுத்ததா?"

மங்களம் அவளுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே தோல் சிவந்து, லேசாக வீங்கியிருந்தது.

"டீச்சரம்மா, நான் சொல்றத சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டம். எங்க வீட்டுல அம்மா மாதா கோயிலு, அப்பா மாரியம்மன் கோயிலு. அதனால பேரெல்லாம் பாதிப் பாதி. என் அக்கா பேரு சலேத்து. அந்த மேடையிலதான் பாடும். புருஷன் ராமையா, ரப்பர் ஷீட்டு புகைக்கூடத்துல வேல. நல்ல மனுசன். அக்காவ ஒரு நாளும் கை நீட்டினதில்ல. ஒரு மாதா திருநாளன்னிக்கி, பாட்டு நடக்கறப்ப, அவரு கீழ பெஞ்சுலேர்ந்து எழுந்து போனாரு. ரப்பர் மரம் சீவுற கத்தி கையில. அக்காவ வெட்டுனாரு."

"பாடிக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமா. யாரும் பாட்ட நிறுத்தல. அக்காவும் நிறுத்தல. கடைசி வரைக்கும் பாடுச்சு. கோயிலு நெறைய சனம், ஒருத்தரும் எழுந்திரிக்கல. நான் சின்னப் புள்ள. எனக்குப் பொறந்ததுலேர்ந்தே காது மந்தம். நான் ஒருத்திதான் கத்துனேன்."

பின்னால் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மங்களம் குரலைத் தாழ்த்தினார்.

"பாட்டு வாத்தியாரு மயக்கம் போட்டு விழுந்தப்பதான் பாட்டு நின்னுச்சு. பாட்டு நின்னதும் ராமையாவும் நின்னுட்டாரு. கத்தியக் கீழ போட்டுட்டு, 'சலேத்துக்கு யாரு என்ன பண்ணது?'ன்னு கேட்டாரு. வாத்தியாரு சாகுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. என் கை நிக்கல, என் கை நிக்கலன்னு."

புஷ்பலதா கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஏன்க்கா இங்க பாடக் கூப்பிட்டாங்க?"

"கூப்பிட்டவங்க எல்லாம் அப்புறம் பொறந்தவங்கம்மா. குடிச்சிட்டு வெட்டிட்டான்னு கேட்டு வளந்தவங்க. நான் சொன்னா யாரு நம்புவா?"

அதற்குள் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. வேட்டி கட்டிய பெரியவர்கள், பேரப்பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று, கச்சேரி கிடையாது, திரும்பிப் போங்கள் என்று எந்தக் காரணத்தைச் சொல்வது? மந்தமான காதுள்ள ஒரு கிழவி சொன்ன கதை. வலித்துப்போன ஒரு கை. கையில் சிக்கிய கொஞ்சம் முடி.

தன்னால் முடிந்ததை அவள் செய்தாள். தர்மாவை மேடையின் மறு ஓரத்துக்கு மாற்றினாள். இடையில் இரண்டு வரிசை ஆட்கள். பாடல்களைப் பாதியாகக் குறைத்தாள். கனமான பாட்டுக் கோப்பு ஒன்றை வலது கையில் பிடித்துக்கொண்டாள். இடது கையால் மட்டும் நடத்துவது என்று முடிவு செய்தாள்.

உள்ளே போகும்போது மங்களம் அவள் புடவை முந்தானையைப் பிடித்தார். "ஏதாவது ஆச்சுன்னா பாட்ட நிறுத்திடும்மா. எப்படியாவது நிறுத்திடு."

பிறகு அவர் காதுக் கருவிகள் இரண்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கச்சேரி தொடங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. புதுத் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் மைக் இல்லாமல் பேச முடியவில்லை. வெளிச்சம் மங்கி, சன்னல்களில் செம்பனை ஓலைகள் கறுப்பாக ஆடின. முதல் பாட்டு நன்றாகப் போனது. கைதட்டினார்கள். இரண்டாவதும் போனது. புஷ்பலதாவுக்கு மூச்சு சீரானது. இன்னும் கொஞ்சந்தான், முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள்.

மூன்றாவது ஒரு லத்தீன் பாட்டு. மெதுவான, துக்கமான பாட்டு. அதன் நடுவில் அந்த வாடை மறுபடி வந்தது. இந்தத் தடவை மிக அருகில், யாரோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது போல.

அவள் வலது கையிலிருந்து கோப்பு கீழே விழுந்தது.

அவள் அதை விடவில்லை. ஏதோ ஒன்று அவள் விரல்களை ஒன்றொன்றாகப் பிரித்தது.

ஈரமான, குளிர்ந்த பிடி ஒன்று மணிக்கட்டைச் சுற்றி இறுகியது. கை மேலே போனது. தாளம் போடத் தொடங்கியது. பாடகர்கள் எல்லாருடைய கண்களும் ஒரே நேரத்தில் அந்தக் கைக்குத் திரும்பின. குரல்கள் ஒன்றாகப் பெருத்தன.

தர்மா பாடிக்கொண்டே, முன்னால் இருந்த பாட்டுத்தாள் வைக்கும் இரும்பு ஸ்டேண்டை எடுத்தான். அதன் கால்களை மடக்கினான். திருகாணியைத் திருகி இறுக்கினான். எந்த அவசரமும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் பாடிக்கொண்டே விலகி அவனுக்கு வழி விட்டார்கள்.

"தர்மா," என்று கத்த வாயைத் திறந்தாள் புஷ்பலதா.

வாயிலிருந்து பாட்டுதான் வந்தது. இரண்டாம் குரலின் வரி, சுருதி பிசகாமல்.

அவள் கை மேலே போனது. கீழே இறங்கியது.

அந்த இறக்கத்தில் தர்மா அடித்தான்.

குமுதாவின் தாடை ஒரு பக்கமாகப் போனது. அவள் விழவில்லை. பாட்டையும் விடவில்லை. உடைந்த வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் பல்லும் வழிந்தன. அவற்றுக்கு நடுவில் உச்சக் குரல் நேராக, சுத்தமாக வந்துகொண்டிருந்தது. கண்கள் மட்டும் புஷ்பலதாவைப் பார்த்தன. அந்தக் கண்களில் குமுதா இருந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் நின்றாள்.

கை மேலே போனது.

புஷ்பலதா இடது கையால் வலது கையைப் பிடித்துத் தொங்கினாள். இரும்புக் கம்பத்தைப் பிடித்தது போலிருந்தது. கை அவளையும் சேர்த்து உலுக்கிக்கொண்டு இறங்கியது.

இரண்டாவது அடி குமுதாவின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. மூன்றாவது அடி காதுக்கு மேலே. ஒவ்வொரு அடியும் தாளத்தின் முதல் தட்டில், அவள் கை இறங்கும் இடத்தில், மயிரிழை பிசகாமல் விழுந்தது. தர்மாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடிக்குரல் நடுங்கவே இல்லை.

அடிப்பது அவனில்லை. இந்தக் கைதான் அடிக்கிறது.

அது புரிந்ததும் அவள் மேடை ஓரத்துத் தூணுக்கு ஓடினாள். வலது கையைத் தூணில் மோதினாள். தோல் கிழிந்தது. கை தாளத்தை விடவில்லை. கீபோர்டில் யுகேந்திரனின் விரல் நகங்கள் பிய்ந்து, வெள்ளைக் கட்டைகள் சிவப்பாகியிருந்தன. சனங்களைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர்கள், பிள்ளைகள், எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அதே ராகத்தை முனகிக்கொண்டிருந்தார்கள். முன் பெஞ்சில் ஒரு குழந்தை பயத்தில் சிறுநீர் போய் நனைந்து, உடம்பு உதற, முனகிக்கொண்டிருந்தது.

குமுதா முழங்காலில் விழுந்தாள். தர்மா ஸ்டேண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

கை மேலே போனது.

அப்போது நடுவழியில் மங்களம் வந்துகொண்டிருந்தார். ஓட முடியாத கால்களை இழுத்துக்கொண்டு, கோயில் பெரிய கதவுக்குப் போடும் இரும்புப் பட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். மேடையில் ஏறினார். புஷ்பலதாவின் முகத்தைப் பார்த்தார். கேட்பது போல.

புஷ்பலதாவால் பேச முடியவில்லை. வலது கை தூணை ஒட்டி மேலே போகும்படி உடம்பை அதில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடினாள்.

முதல் அடியில் கை வளைந்தது. தாளம் நிற்கவில்லை.

"மாதாவே, மன்னிச்சிக்க," என்று சொல்லிக்கொண்டே மங்களம் மறுபடி அடித்தார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது அடியில் கை முழங்கைக்கு மேலே முறிந்து துவண்டு தொங்கியது.

பாட்டு நின்றது.

மழை மட்டும் பெய்தது. பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக, இந்த முறை பாட்டில்லாமல், அலறத் தொடங்கின.

தர்மா கையிலிருந்த ஸ்டேண்டைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தான். கீழே பார்த்தான்.

"குமு? குமு, யாருடி உன்ன இப்படி..."

குமுதா பிழைத்துக்கொண்டாள். ஒரு கண் போய்விட்டது. தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகும் அவள் பேசவில்லை. பேச முடியாமலா, விரும்பாமலா என்று யாருக்கும் தெரியவில்லை. தஞ்சோங் மாலிமில் அண்ணன் வீட்டில் இருந்தாள். தர்மாவைப் போலீஸ் கொண்டுபோனது. பிறகு மனநல ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். வார்டில் யாராவது முணுமுணுத்துப் பாடினால்கூடக் கட்டிலுக்கடியில் போய் காதைப் பொத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். அன்று உட்கார்ந்திருந்த சனங்கள் போலீசிடம் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மழைச் சத்தம், இருட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றவர்களே அதிகம். மங்களத்தின் மேல் வழக்குப் போட வேண்டாமென்று புஷ்பலதா கையெழுத்துப் போட்டாள், இடது கையால்.

ஆஸ்பத்திரியில் மங்களம் வந்து பார்த்தார். கட்டுப் போட்ட கையின் நுனியில், மாவுக்கட்டுக்கு வெளியே, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் விரல் தடங்கள் கறுத்துத் தெரிந்தன. மங்களம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாருக்கா அது?" என்று புஷ்பலதா மெதுவாகக் கேட்டாள். "உங்க அக்காவா?"

"அக்கா கை சின்னதும்மா. வளையல் போட்டா கழண்டு விழும்."

"அப்ப ராமையாவா?"

மங்களம் தடங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இது வலது கைத் தடம். ராமையாவுக்கு வலது கையில ரெண்டு விரலு கெடையாது. மெசின்ல போயிருச்சு," என்றார். "இதுல எல்லா விரலும் இருக்கு."

அவர் தன் விரல்களை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்க்கப் போனார். பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

கோயிலை மூடிவிட்டார்கள். குழுவும் கலைந்தது. புஷ்பலதா வேலையை விட்டாள். வீட்டில் ரேடியோ போடுவதில்லை. கையில் தகடு வைத்துத் தைத்த டாக்டர், இனி அது தோளுக்கு மேலே போகாது, ஏதாவது கனமாகத் தூக்கினால் வலிக்கும் என்றார். அதைக் கேட்டபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஓராண்டு கழித்து, பக்கத்து வீட்டுப் பையனுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் பூசை. வராமல் இருக்கக் கூடாது என்று அவன் அம்மா வந்து அழுதாள். ஈப்போவில், டவுனுக்கு நடுவில், பெரிய கோயில். ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக வந்து தரையெல்லாம் விழுந்திருந்தது. விசிறிகள் சுற்றின. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் நின்றார்கள். புஷ்பலதா கடைசி வரிசையில், ஓரமாக உட்கார்ந்தாள். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாரும் எழுந்து பாடும்போது அவளும் எழுந்தாள், வாயைத் திறக்கவில்லை.

பாட்டு முடிந்தது. ஆர்கன் நின்றது.

யாரும் உட்காரவில்லை.

ஆர்கன் இல்லாமலே மறுபடி முதல் வரியைத் தொடங்கினார்கள். முன்னால் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த இளைஞன் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தான். குழுவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு பெஞ்சாக, பாடிக்கொண்டே, எல்லாரும் திரும்பினார்கள். வெள்ளை உடுப்புப் பிள்ளைகளும் திரும்பினார்கள்.

அவர்கள் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

அவளுடைய வலது கை தலைக்கு மேலே நின்றது. வலிக்கவே இல்லை.

அவ்வளவு பெரிய கோயிலில் ஒரே ஒருவர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. முன் வரிசையில், நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர். அவர் பாடிக்கொண்டே, பக்கத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.